ரெஃபர் சீட்டுக்கும் ஆபரேஷன் மேசைக்கும் நடுவில்



நம் மக்களுக்குப் புற்றுநோய் வந்தால் ஏன் இவ்வளவு தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கும்: அறியாமை. மருத்துவர் சொல்கிறார், பத்திரிகை எழுதுகிறது, விழிப்புணர்வு முகாமில் மைக் பிடிப்பவரும் அதையே சொல்கிறார். இயக்கத்தில் இருக்கும் சிலரும் யோசிக்காமல் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள்.

நான் வட மாவட்டங்களில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். நோய் என்னவென்று தெரியாமல் வீட்டில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களைவிட அதிகமாகப் பார்த்தது வேறொரு வகையினரை. இவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியவர்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பரிசோதனை செய்தவர்கள். 'மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்' என்று எழுதிய சீட்டைக் கையில் வாங்கியவர்கள். நோய் பெயர் தெரியும், எங்கே போக வேண்டும் என்று தெரியும். அதற்குப் பிறகுதான் காணாமல் போனார்கள். ஆறு மாதம் கழித்து, புண் அழுகி, வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்தபோது மறுபடியும் அதே கேள்வி: "ஏம்மா, இத்தனை நாள் எங்க போயிருந்த?"

அந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ரெஃபர் சீட்டு வாங்கிய ஒருவர் ஆபரேஷன் மேசைக்குப் போய்ச் சேரும் வழியில் என்னென்ன நடக்கும், எங்கே சிக்கும், அந்த இடங்களில் சாதி எப்படி வேலை செய்கிறது, படித்த நம் பிள்ளைகள் அங்கே என்ன செய்ய முடியும் என்பதை எழுதுகிறேன்.

வாசலுக்கு வெளியே நின்ற மருத்துவர்

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் பாபாசாகேப் ஒரு கடிதத்தைச் சேர்த்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் எழுதிய கடிதம் அது. 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது. பிரசவமான சில நாளில் அவர் மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. சேரிக்குள் வர மாட்டேன் என்று நிபந்தனை போட்டு மருத்துவர் வருகிறார். பச்சை உடம்புக்காரியைச் சேரிக்கு வெளியே தூக்கி வருகிறார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வரிசையில் அது திரும்பிப் போகிறது. நோயாளியைத் தொடாமலே நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விடுகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

இன்று எந்த அரசு மருத்துவரும் தெர்மாமீட்டரை மூன்றாம் ஆள் மூலமாகக் கொடுப்பதில்லை. நம் மக்கள் உடம்பில் கத்தி வைத்து, பத்து மணி நேரம் நின்று ஆபரேஷன் செய்து, உயிரைக் காப்பாற்றி அனுப்பும் மருத்துவர்களை நான் அறிவேன். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இட ஒதுக்கீடு வாங்கித் தந்த மாற்றம் அது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தக் கடிதத்தை ஒருமுறை கூர்ந்து படியுங்கள். மருத்துவர் வந்தார். காசு வாங்கினார். நோயின் பெயரைச் சொன்னார். மருந்தும் அனுப்பினார். தாளில் எழுதினால் சிகிச்சை கொடுக்கப்பட்டது என்றுதான் பதிவாகும். நடுவில் இருந்த தூரம்தான் அந்தப் பெண்ணைக் கொன்றது. இன்றைக்கு அந்தத் தூரம் சேரி வாசலிலிருந்து சென்னை வரைக்கும் நீண்டிருக்கிறது. சீட்டு எழுதப்பட்டது, நோயாளி வரவில்லை என்று பதிவேடு முடிந்துவிடுகிறது.

முதல் நாளே ஆபரேஷன் கிடையாது

முதலில் எல்லோருக்கும் தெரிய வேண்டியது இதுதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்றால் போன அன்றே சேர்த்துக்கொண்டு ஆபரேஷன் செய்வார்கள் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். துணிமணி, தட்டு, டம்ளர் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே ஓ.பி. சீட்டு போட்டு, பார்த்துவிட்டு, "இந்த டெஸ்ட் எடு, அடுத்த செவ்வாய்க்கிழமை வா" என்றதும் நம்பிக்கை உடைந்துபோகிறது. "வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று ஊரில் வந்து சொல்கிறார்கள். யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

முதல் சில வருகைகளில் நடப்பது நோயை அளப்பது. மாவட்டத்தில் எடுத்த சதைப் பரிசோதனையின் கண்ணாடித் தகட்டை மறுபடி பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அந்தச் சதை பதிந்திருக்கும் மெழுகுக் கட்டியைக் கேட்பார்கள். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக் கட்டி எவ்வளவு பெரிது, நெறிகட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா, நுரையீரல், கல்லீரல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்துச் சிகிச்சை மருத்துவர் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது நல்ல ஆஸ்பத்திரிகளின் வழக்கம்.

அந்த முடிவு எல்லோருக்கும் ஆபரேஷனாக இருக்காது. வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன், பிறகு கதிர்வீச்சு. மார்பகக் கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு ஆபரேஷன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருந்தால் ஆபரேஷன். நிலை கூடியிருந்தால் கதிர்வீச்சும் கீமோவும்தான் சரியான சிகிச்சை, கத்தி வைக்க மாட்டார்கள். இதை விளக்கிச் சொல்லாமல் "உனக்கு ஆபரேஷன் இல்ல" என்று ஒரு வரியில் முடித்தால் நம் வீட்டுப் பெண் என்ன நினைப்பாள்? ஏழை என்பதால் விட்டுவிட்டார்கள், சாவதற்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள். காலம் காலமாகத் தள்ளி வைக்கப்பட்ட மக்களுக்கு அப்படித் தோன்றுவதில் தவறே இல்லை. விளக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஊசி குத்தினா பரவிடும், கத்தி பட்டா பரவிடும்" என்ற பேச்சு நம் தெருக்களில் நிறைய இருக்கிறது. சதை எடுத்துப் பார்க்காமல் புற்றுநோய்க்குச் சிகிச்சையே தொடங்க முடியாது. முறையாகச் செய்யும் பரிசோதனையாலும் ஆபரேஷனாலும் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. ஆனால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். நோய் முற்றிய பிறகு ஆபரேஷனுக்குப் போனவர்களையே ஒரு தெரு மூன்று தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. அவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் இறந்தார்கள். கத்திதான் காரணம் என்று தெரு முடிவு செய்துகொண்டது. "மூடநம்பிக்கை" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். சரியான நேரத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு பத்து வருடமாக நடமாடும் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமையின் விலை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் பெயரும் வடிவமும் மாறி, இன்றுவரை நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். புற்றுநோய் அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் அதில் வருகின்றன. நாட்டின் பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம். அட்டை எடுக்காத குடும்பம் நம் தெருவில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஆனால் அட்டை எதற்கெல்லாம் காசு தராது என்று கணக்குப் போடுங்கள். வெளியூரிலிருந்து வரும் இரண்டு பேரின் பஸ் செலவு. கூட இருப்பவரின் சாப்பாடு. இரவு தங்க இடம். எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு பேரின் கூலி. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். அந்தக் கூலியை நம்பியிருக்கும் வீட்டில் நோயாளி, துணைக்கு மகள் என்று இருவரும் ஒரு செவ்வாய்க்கிழமை சென்னைக்குப் போனால் 638 ரூபாய் வருமானம் போகிறது. பயணச் செலவு அதற்கு மேல். ஸ்கேனுக்கு ஒரு செவ்வாய், ரிப்போர்ட்டுக்கு ஒரு செவ்வாய், மயக்க மருந்து மருத்துவரிடம் காட்ட ஒரு செவ்வாய், "இன்னிக்கு பெரிய டாக்டர் லீவு" என்று ஒரு செவ்வாய். நான்காவது செவ்வாய்க்கு வட்டிக்கு வாங்க வேண்டும். யாரிடம்? பெரும்பாலும் ஊர்த்தெருவில், யார் நிலத்தில் வேலை செய்கிறார்களோ அவரிடம்தான். அந்தக் கடனை எப்படி அடைக்க வேண்டியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நிலம் இருப்பவர் அரைக்காணியை அடமானம் வைத்துச் சிகிச்சையைத் தொடர்கிறார். நிலமே இல்லாதவர் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறார். இருவருக்கும் ஒரே நோய், ஒரே சீட்டு, ஒரே காப்பீட்டு அட்டை. யாருக்கு நிலம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. ஆகவே, "இது வறுமைப் பிரச்சினை, சாதிப் பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால் அந்த வறுமை எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

சில செலவுகளைக் குறைக்க வழி இருக்கிறது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியில் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம். இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் கவுண்டரில் காட்ட வேண்டும். நான் சந்தித்த குடும்பங்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதையே ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சேர்ப்பதற்கு முன்

ஆபரேஷன் என்று முடிவானால் உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று பார்ப்பார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் இதய எக்கோ, நெஞ்சுப் படம். நம் பெண்களில் பலர் இந்த இடத்தில் நிற்க வைக்கப்படுகிறார்கள். இரத்தம் கம்மி, ஏற்றிக்கொண்டு வா. சர்க்கரை கூட, குறைத்துக்கொண்டு வா. இது அலைக்கழிப்பு இல்லை, உயிருக்குப் பாதுகாப்பு. ஆனால் எங்கே போய் ஏற்றுவது, யாரிடம் காட்டிக் குறைப்பது என்று எழுதித் தர வேண்டும். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பாதி அலைச்சல் குறையும். வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து நடக்கிறது. அந்த ஊழியருக்கும் தகவல் சொல்லுங்கள்.

இரத்தத்துக்கு ஆள் கொண்டு வரச் சொல்வார்கள். வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளிக்குச் சென்னையில் யார் இருக்கிறார்கள்? கல்லூரி விடுதிகளில் இருக்கும் நம் மாணவர்கள் இதற்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தால் ஒரு ஆபரேஷன் கூட இரத்தத்துக்காகத் தள்ளிப்போகாது.

அடுத்தது சம்மதப் படிவம். "இங்க கையெழுத்துப் போடு, இல்ல கைநாட்டு வை" என்று நீட்டுவார்கள். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: என்ன செய்யப் போகிறார்கள், அதனால் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்லி வாங்குவதுதான் சம்மதம். பரிசோதனைக்கு வாங்கிய சம்மதத்தை வைத்துக் கர்ப்பப்பையை எடுத்த வழக்கு அது. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை கஷ்டமான கேள்விகள் இல்லை. எந்த உறுப்பை எடுக்கிறீர்கள்? பிறகு பேச முடியுமா, சாப்பிட முடியுமா? மூக்கு வழியாகக் குழாய் எத்தனை நாள் இருக்கும்? வயிற்றில் பை வைப்பீர்களா, அது நிரந்தரமா? மார்பை முழுதாக எடுக்காமல் செய்ய முடியுமா? எப்போது வேலைக்குப் போகலாம்? மூட்டை தூக்க முடியுமா?

இந்தக் கடைசிக் கேள்வியை ஆஸ்பத்திரியில் யாரும் தாமாகப் பேசுவதில்லை. மார்பு ஆபரேஷனில் அக்குள் நெறிகட்டிகளை எடுத்த பிறகு அந்தக் கை வீங்கலாம். வெட்டுக்காயம், கொப்புளம் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். கரும்பு வெட்டுகிறவருக்கும், களை எடுக்கிறவருக்கும், குப்பை அள்ளுகிறவருக்கும் அது எப்படி முடியும்? "கைக்கு ரெஸ்ட் குடும்மா" என்பது நடுத்தர வர்க்கத்துக்கான அறிவுரை. நம் பெண்களுக்கு அது வேலை மாற்றம், உதவித்தொகை என்று வேறு கோரிக்கைகளாக மாற வேண்டும்.

ஆபரேஷன் முடிந்தால் முடிந்துவிடவில்லை

எடுத்த சதை பரிசோதனைக்குப் போகும். அந்த ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதைப் பார்த்துத்தான் கதிர்வீச்சு வேண்டுமா, கீமோ வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். வாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சு தேவை என்றால் ஆபரேஷன் முடிந்து சுமார் ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். தொடங்கினால் வாரம் ஐந்து நாள் என ஆறு வாரம் அளவுக்கு நடக்கும். ஒவ்வொரு நாளும் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக ஒன்றரை மாதம் நகரத்தில் தங்க வேண்டும்.

கட்டட வேலை செய்யும் ஒரு அக்காவுக்குக் கன்னத்தில் ஆபரேஷன் நன்றாக நடந்தது. கதிர்வீச்சு நடந்த ஆஸ்பத்திரி வளாகத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பதினோரு நாள் நடைபாதையில் படுத்துக் கதிர்வீச்சு எடுத்தார். பன்னிரண்டாம் நாள் ஊருக்குப் போய்விட்டார். "சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்" என்று அவர் பெயருக்கு நேராக எழுதியிருந்தது. நிறுத்தியது அவரா? அரசு லட்சக்கணக்கில் செலவு செய்து ஆபரேஷன் செய்துவிட்டு, படுக்க ஒரு பாயும் கூரையும் இல்லாததால் அந்தச் செலவையும் ஒரு உயிரையும் சேர்த்து இழக்கிறது.

ஆபரேஷன் முடியாத நிலை என்று சொல்லப்பட்டவர்களுக்கும் கேட்க உரிமை இருக்கிறது. வலியைக் கட்டுப்படுத்த மார்ஃபின் இருக்கிறது. அது கிடைப்பதில் இருந்த சட்டச் சிக்கலைக் குறைக்க 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே திருத்தினார்கள். "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பினால், வலிநிவாரணப் பிரிவுக்கு எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். வலியில் கத்திச் சாக வேண்டும் என்று யாருக்கும் தலையெழுத்து கிடையாது.

"சாதி எங்கே இருக்கிறது?"

இத்தனையும் எழுதிய பிறகும் ஒரு நண்பர் கேட்பார்: "ஓ.பி. வரிசையில் எல்லோரும்தான் நிற்கிறார்கள். மருத்துவருக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது நோயாளி. இதில் சாதி எங்கே?"

மருத்துவரின் சுமை உண்மை. அதை நான் மறுக்கவில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது மட்டும்தான் சாதி என்று நினைத்தால் ஆஸ்பத்திரியில் அதை அரிதாகத்தான் பார்ப்பீர்கள். வேறு இடங்களில் பாருங்கள். வெள்ளை வேட்டி கட்டியவருக்கு "வாங்க, உக்காருங்க". கைலி கட்டிய கிழவருக்கு "ஏய், அங்க போய் நில்லு". முகவரியில் 'காலனி' என்று படித்ததும் குரல் மாறுவதைக் கேளுங்கள். வட்டச் செயலாளரின் கடிதத்தோடு வந்தவருக்குத் தேதி முன்னால் நகர்வதைப் பாருங்கள். அந்தக் கடிதத்தை எழுதித் தர நம் மக்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஸ்ட்ரெச்சர் தள்ள, லிஃப்டில் ஏற்ற, டிரெஸ்ஸிங் மாற்றக் கேட்கப்படும் ஐம்பதும் நூறும் யாருக்குப் பெரிய தொகை? அந்த வார்டைக் கூட்டுவதும் இரத்தத் துணியை அள்ளுவதும் ஒப்பந்தக் கூலிக்கு நம் பெண்கள்தான். அவர்களுக்கே நோய் வந்தால், வேலை செய்யும் கட்டடத்திலேயே அவர்களும் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள்.

இதை நிரூபிக்க எண்கள் வேண்டும் என்று கேட்பார்கள். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1981-லிருந்து இருக்கிறது. வயது, பாலினம், உறுப்பு, ஊர் என்று எண்ணுகிறார்கள். சாதிவாரியாக யாருக்கு எந்த நிலையில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது, யார் சிகிச்சையை முடித்தார்கள் என்ற அட்டவணையை அந்த அறிக்கைகளில் நான் பார்த்ததில்லை. எண்ணாமல் விட்டுவிட்டு ஆதாரம் கேட்பது நியாயமா? சமூகவியலும் பொது சுகாதாரமும் படிக்கும் மாணவர்களே, உங்கள் ஆய்வுத் தலைப்பு இங்கே காத்திருக்கிறது.

சட்டம் என்ன தருகிறது, என்ன தராது

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் திருத்தப்பட்டபோது மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்குள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நுழைவதைத் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதும் குற்றம். அது நடந்தால் தயங்காமல் புகார் கொடுங்கள்.

1996-இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்த வழக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கிம் ஷேக் என்ற தொழிலாளியைப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரில் காசு கட்டிச் சிகிச்சை எடுத்தார். உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆம் பிரிவு மீறப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பணமில்லை என்ற காரணத்தைச் சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் சொன்னது. அது அவசர சிகிச்சை பற்றிய தீர்ப்பு. புற்றுநோய் அப்படி ஒரே இரவில் கொல்வதில்லை, செவ்வாய்க்குச் செவ்வாய் தள்ளிப் போட்டுக் கொல்கிறது. அதற்கும் இந்த உரிமை நீள வேண்டும் என்று வாதாட வேண்டியது நம் வழக்கறிஞர்களின் வேலை.

ஆனால் சட்டத்தை மட்டும் நம்பினால் போதாது. வன்கொடுமை என்றால் வெட்டு, குத்து, தீவைப்பு என்றுதான் நம் இயக்கங்கள் இதுவரை ஓடியிருக்கின்றன. ஓடத்தான் வேண்டியிருந்தது. இரத்தம் சிந்தினால் நூறு பேர் திரள்கிறோம். கன்னத்தில் ஓட்டை விழுந்து ஒரு தாய் வீட்டுத் திண்ணையில் சாகும்போது யாரும் திரள்வதில்லை. அங்கே குற்றவாளி என்று கைநீட்ட ஒரு ஆள் இல்லாததால் அது கொடுமை இல்லை என்று ஆகிவிடுமா?

என்ன கேட்போம், என்ன செய்வோம்

அரசிடம் நான் கேட்பவை நான்கு.

ஒன்று: சீட்டு எழுதி அனுப்பும் ஆஸ்பத்திரியே பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்கித் தர வேண்டும். போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு வாரத்தில் போன் செய்து கேட்க ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

இரண்டு: ஸ்கேன், இரத்தம், இதயம் என்று பரிசோதனைகளில் முடிந்ததெல்லாம் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். வெளியூர் நோயாளிக்கு மற்றவை ஒரே வருகையில் நடக்கும்படி தேதி தர வேண்டும்.

மூன்று: சிகிச்சை முடியும்வரை நோயாளிக்கும் துணைக்கும் தங்குமிடம், உணவு, கூலி இழப்புக்கு ஈடு. இதைக் காப்பீட்டுத் தொகையோடு சேர்க்கலாம், ஆதிதிராவிடர் நலத்துறை நிதியிலிருந்தும் தரலாம்.

நான்கு: சிகிச்சை முடித்தவர், பாதியில் நின்றவர் கணக்கைச் சாதிவாரியாக வெளியிட வேண்டும்.

இவை கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியாது. உங்களால் முடிந்தவை இவை.

கூடப் போங்கள். இதைவிடப் பெரிய உதவி இல்லை. படித்த பிள்ளை ஒன்று நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றால் ஆஸ்பத்திரியின் பேச்சே மாறுகிறது. சண்டை போடத் தேவையில்லை. "சார், இதை எழுதித் தர முடியுமா?" என்று கேட்டாலே போதும்.

ஒரு பையில் எல்லாத் தாளும் இருக்கட்டும்: ரெஃபர் சீட்டு, சதைப் பரிசோதனை ரிப்போர்ட், தகடு, ஸ்கேன் படம், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை. காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அட்டை வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க விடாதீர்கள்.

சிகிச்சைத் தாள்களின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-இன் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் நோயாளியின் உரிமை. காப்பீட்டில் வரும் சிகிச்சைக்குத் தனியார் ஆஸ்பத்திரி கையில் காசு கேட்டால் ரசீது கேளுங்கள், திட்ட அலுவலகத்தில் புகார் கொடுங்கள். எதற்கு யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்கள் மாவட்டத்திலிருந்து சென்ற ஆண்டு எத்தனை பேர் புற்றுநோய் சிகிச்சைக்கு மேலே அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். "பதிவேடு இல்லை" என்று பதில் வந்தால் அதுவும் ஒரு ஆதாரம்தான்.

அடையாறில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி மரபில் பிறந்த தாயின் மகள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்த நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு, எப்படியும் சாகத்தானே போகிறார்கள் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் இருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களை மீறித்தான் அது எழுந்தது. அண்ணா இறந்ததும் இந்த நோயால்தான். அவர் பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. ராயப்பேட்டையிலும், சென்னை பெரியாஸ்பத்திரியிலும், மதுரையிலும் பிரிவுகள் இருக்கின்றன. கட்டடமும் மருத்துவரும் கருவியும் மக்கள் வரிப்பணத்தில் நிற்கின்றன. தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டும் நம் மக்களின் பணமும் அதில் இருக்கிறது. ஆகவே அங்கே நாம் கருணை கேட்டுப் போகவில்லை.

இந்த வாரம் உங்கள் தெருவில் விசாரியுங்கள். யார் வீட்டிலாவது அலமாரியில், தகரப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால் ஒரு ரெஃபர் சீட்டு மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துத் தேதியைப் பாருங்கள். தேதி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த வீட்டு அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஜெய்பீம்.